ஈ வராத பந்தல்

முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னால நான் சொல்றதை முழுசாக் கேட்டுருங்கண்ணா. உடுமலைக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கறனுங்க. உங்க வீட்டம்மா குடுத்த மோரையும் குடிச்சாச்சு, உக்காருன்னு நீங்களும் சொல்லிட்டீங்க. அப்பறம் கேக்கறதுக்கென்ன. நான் தேன் வாங்க வரலீங்க. பெட்டி வேணும். தேனீப் பெட்டி, ஈயோட. பத்து இருந்தா நல்லது. இல்லீன்னா நாலு. நாலும் இல்லீன்னா ரெண்டு குடுங்க. பூப்பு முடிஞ்சதும் நானே கொண்டாந்து எறக்கி வெச்சுட்டுப் போறன்.

எம் பேரு ஆறுச்சாமிங்க. பாகல் பண்ணையம். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்ட தோட்டம். பந்தல் போடறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். அப்பன் விட்டுட்டுப் போன பூமியை பேங்கில வெச்சுத்தான் போட்டேன். அதைப் பத்தி இப்ப வேண்டாங்க.

கொடி நல்லா ஏறுச்சுங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. பந்தலுக்கு அடியில நின்னா ஆகாசம் தெரியாது, அப்படிப் பச்சை. பூவும் பூத்துச்சு. விடியக்காலம் பாத்தீங்கன்னா பந்தல் பூரா மஞ்சளா இருக்கும். மொதல்ல ஆண்பூ வந்துது. பொறகு பெண்பூ, கழுத்துல சின்னதா ஒரு பாகக்காயை வெச்சுக்கிட்டு. அதைப் பாத்துட்டு எம் பொண்டாட்டி சம்பூர்ணம், "இந்த வருசம் கரையேறிருவோம்"னா. அவ அப்படியெல்லாம் வாய் விட்டுச் சொல்றவ இல்லீங்க. சொல்லிட்டா.

பிஞ்சு நிக்கலீங்க.

பூ வாடுது, கூடவே அந்தக் குட்டிக் காயும் மஞ்சளாகுது, காத்தடிச்சா கீழ விழுகுது. தப்பித் தவறி நிக்கறதும் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பி, கோணலா. சந்தையில அதைத் தொட்டுப் பாக்க ஆளில்லை. பந்தலுக்கு அடியில நடந்தா கால்ல பிஞ்சு மிதிபடும். நான் செருப்பைக் கழட்டிட்டு நடப்பனுங்க. செருப்புப் போட்டு மிதிக்க மனசு வராது.

எங்கூர்ல மருந்துக்கடை வெச்சிருக்கறவரு நல்ல மனுசன். அவருகிட்டப் போய்ச் சொன்னேன். டானிக் குடுத்தாரு, அடிச்சேன். சத்துப் பத்தலைன்னாரு, வேர்ல ஊத்தினேன். பழ ஈ காயைக் குத்துது, விட்டா பூராவும் போயிரும்னாரு, அதுக்கும் அடிச்சேன். நாள் தவறாம அடிச்சேன். சோம்பேறித்தனம் மட்டும் எங்கிட்டக் கெடையாதுங்க. விடிஞ்சதும் டேங்கைத் தோள்ல மாட்டிருவேன். காத்து ஓடாத நேரம், இலையில ஈரம் இருக்கும், பூவெல்லாம் விரிஞ்சு நிக்கும், மருந்து நல்லா உள்ள எறங்கும். பத்து மணிக்கு மேல வந்து அடிக்கறவனெல்லாம் பண்ணையக்காரன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

என்ன மருந்துன்னா கேட்டீங்க? பேரு வாயில நுழையாதுங்க. நல்ல மருந்து. வெலை கூடினது.

சரி, விசயத்துக்கு வர்றேன். கடைசியில ஒரு நாள் வெவசாய ஆபீசர் ஒருத்தரு வந்தாரு. பந்தலுக்குள்ள நடந்தாரு, நின்னாரு, காதை வெச்சுக் கேட்டாரு. "சத்தமே இல்லியேங்க"ன்னாரு. என்ன சத்தம்ன்னேன். "ஈ சத்தம். ஆண்பூவுல இருக்கற மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டு போக ஈ வேணும். உங்க தோட்டத்துல ஈயே இல்லை"ன்னாரு. அப்பத்தானுங்க எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா ஈ எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துல.

பக்கத்துத் தோட்டம் ஆரோடதுன்னா, எந் தம்பி மயில்சாமியோடது. அவன் இப்ப இல்லீங்க. மருந்தடிச்சுக்கிட்டு இருந்தவன் வரப்புலயே சாஞ்சுட்டான். வாயில நொரை தள்ளிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வெயில் தாங்கலை அவனுக்கு. சின்ன வயசுல இருந்தே வெயில் ஆகாது. அவன் சம்சாரம் கோகிலா மட்டும், மருந்துதான் கொன்னுதுன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறா. நானுந்தான அதே மருந்தை அடிக்கறேன். நான் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கலியா.

அவன் போன பொறகு அவ தோட்டத்துக்கும் நாந்தான் ஒழவு ஓட்டினேன். மருந்தும் அடிச்சுத் தர்றேன்னேன். அண்ணன்காரன் செய்யோணுமில்லீங்களா. டேங்கைத் தூக்கிட்டு அவ தோட்டத்துல காலை வெச்சேன், ஓடியாந்து முன்னால நின்னுக்கிட்டா. "மாமா, அதை மட்டும் இங்க கொண்டு வராதீங்க. அந்த வாசம் வந்தா எனக்கு மூச்சு முட்டுது"ன்னா. அவ்வளவுதான். அன்னைக்கு இருந்து அவ தோட்டத்துல மருந்து இல்லை. வேப்பங்கொட்டையை இடிச்சு ஊறவெச்சுத் தெளிக்கறா, சாணியும் கோமியமும் கரைச்சு ஊத்தறா. சுத்தியும் செண்டுமல்லி, சூரியகாந்தி, தட்டைப்பயறு. வரப்புல மொளைக்கற களையைக்கூடப் பூத்து முடிஞ்ச பொறகுதான் புடுங்குவா. பாக்கறதுக்குத் தோட்டம் மாதிரியா இருக்குது? ஊர்ல நாலு பேரு வர்ற வழி அது. எனக்குத்தான் வெக்கம்.

எங்க ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல கிளுவை வேலி இருந்துச்சுங்க. எங்க தாத்தா காலத்து வேலி, ஆளுசரத்துக்கு மேல. கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி அடைஞ்சு கெடக்கும். உள்ளார ஓணான், குருவி, கீரிப்பிள்ளை, என்னென்னமோ. கெளையில கொம்புத் தேனு ரெண்டு மூணு கூடு கட்டியிருக்கும், எப்பவும். அவ பக்கத்துல. எல்லாம் அவ பக்கத்துல. ஆபீசர் போன பொறகு வேலியோரமா நின்னு பாத்தேன். ஈ வேலியில இருந்து கெளம்புது, அவ பந்தலுக்குப் போகுது, திரும்பி வருது. எம் பந்தல் பக்கம் ஒண்ணு ரெண்டு வந்துது. வந்தது திரும்பலை. அவ பந்தல்ல காய் தொங்குது. எண்ணெய் தேச்ச மாதிரிக் காயி. ஒரே மண்ணு, ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே நாள்ல போட்ட வெதை.

நீங்களே சொல்லுங்க. இது நாயமா?

அப்பத்தான் எங்கூருக்குப் பக்கத்துல ஒருத்தன் பெட்டி குடுக்கறான்னு சொன்னாங்க. போய் வாங்கியாந்து வெச்சேன். மொத நாள் காலைல கேட்டீங்களா, பந்தலுக்குள்ள அந்தச் சத்தம். சம்பூர்ணம் வேலையை விட்டுட்டு நின்னு கேட்டா. அவ மூஞ்சியில சிரிப்பைப் பாத்தேன். அன்னைக்கு மருந்தடிக்கற மொறை. நான் ஈக்குப் பயந்துக்கிட்டு மொறையை விடறவனா? அடிச்சேன். பெட்டிக்கு மேல படாம பாத்துத்தான் அடிச்சேன், துணி போட்டு மூடியிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கறேன், பெட்டி வாசல்ல ஈ குமிஞ்சு கெடக்குது. செத்தது பாதி, சுத்திச் சுத்தி வந்து மல்லாந்து துடிக்கறது பாதி. அள்ளினா ரெண்டு கை நெறைய வந்துச்சு.

சீக்காளி ஈயைக் குடுத்து ஏமாத்திட்டானுங்க அந்த ஆளு. கேக்கப் போனா எம்மேலயே பாயறான். அதனாலதான் இம்புட்டுத் தூரம் உங்களைத் தேடி வந்தேன். உங்க ஈ கெட்டியான ஈன்னு சொல்றாங்க.

அதுக்கப்பறம் கையாலயே பண்ணினோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு, பெண்பூவுக்குள்ள தொட்டுத் தொட்டு எடுக்கோணும். பூ தலைக்கு மேல. விடிஞ்சதுல இருந்து வெயில் ஏறற வரைக்கும் அண்ணாந்துக்கிட்டே நிக்கோணும். ஆள் வெக்க வக்கில்லை. நானும் அவளும். அவ ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. கொஞ்ச நாள்ல அவளுக்குக் கழுத்துத் திரும்பலை. படுத்தா எந்திரிக்க முடியலை, நான் தோளைப் புடிச்சுத் தூக்கிவிடுவேன். தூக்கிவிட்டதும் பந்தலுக்குத்தான் போவா.

மருந்தை விட முடியாதில்லீங்களா. அவ தொட்டு முடிச்ச வரிசைக்குப் பின்னாலயே நான் அடிச்சுக்கிட்டு வருவேன். நேரம் மிச்சமாகும். அவளுக்கு வாந்தி வர ஆரம்பிச்சுது. தலையைச் சுத்துதுன்னு வரப்புல உக்காருவா. அண்ணாந்து நின்னா அப்படித்தான் இருக்கும்னு வைத்தியம் பாக்கறவரு சொன்னாரு. நாந்தான் கழுத்து வலின்னு அவருகிட்டச் சொன்னேன்.

கொஞ்சம் நின்னுதுங்க காயி. ஒரு கூடை தேறுச்சு. ஒரு பந்தல் பூவுக்கு ஒரு கூடை.

சம்பூர்ணந்தான் சொன்னா, கோகிலாவைப் போய்க் கேளுங்கன்னு. எனக்குப் புடிக்கலை. ஆனாலும் போனேன். தம்பி பொண்டாட்டி முன்னால போய் நின்னு, என்ன பண்றதுன்னு கேட்டேன். நெனச்சுப் பாருங்க.

அவ காய் பறிச்சுக்கிட்டு இருந்தா. நிறுத்தலை. "காலைல அடிக்கறதை நிறுத்துங்க மாமா"ன்னா.

"அடிக்கலீன்னா பழ ஈ தின்னுட்டுப் போயிரும்."

"எனக்கும்தான் திங்குது. அதுக்குக் கொஞ்சம் போகும். பொறிப் பெட்டி கட்டியிருக்கறேன், குத்துப்பட்ட காயை அன்னன்னைக்கே பொறுக்கிக் குழியில போட்டு மூடறேன். மிச்சம் எனக்கு இருக்குது. உங்களுக்குப் பூராவும் வேணும், அதனாலதான் ஒண்ணும் இல்லை."

பேச்சைப் பாத்தீங்களா. புருசன் இருந்தப்ப என் முன்னால நின்னு பேசினதில்லை. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. நான் அடிக்கற மருந்து வாசம் அவ பக்கம் போகுது, அது அவளுக்கு ஆகலை. அதுக்காக எம் பொழப்பை நிறுத்தச் சொல்றா. ஈ பூராவையும் வேலியில அடைச்சு வெச்சுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றா.

வேலி பொதுவேலிங்க. பாதி என்னுது. பத்திரத்துல அப்படித்தான் இருக்குது.

பொக்லைன் கூட்டியாந்தேன். வேலியை எடுத்துட்டாக் கம்பி போட்டுக்கலாம், ஈக்கு இருக்க எடமில்லாமப் போனா எம் பந்தலுக்குத்தான வரோணும். பந்தல்ல பூ இருக்குது, நெழல் இருக்குது. வேற எங்க போகும்? அப்படித்தான் நெனச்சேன். நீங்க தலையை ஆட்டறீங்க. எனக்கு அப்ப வேற வழி தோணலீங்கண்ணா. கழுத்துத் திரும்பாம ஒருத்தி வீட்டுல கெடக்கறா, பேங்கில இருந்து ஆள் வந்துட்டுப் போறாங்க, மனுசன் என்ன பண்ணுவான்.

கோகிலா வந்தா. "மாமா, உங்க பாதியை எடுத்துக்குங்க. எம் பாதியை விட்டுருங்க"ன்னா.

"வேலியில பாதி எடுக்க முடியுமா?"

அழுவாள்னு நெனச்சேன். ஊரைக் கூட்டுவாள்னு நெனச்சேன். அவ நேரா வண்டி ஓட்டறவங்கிட்டப் போய், "தம்பி, அந்தப் பெரிய கொம்புக்கிட்டப் பாத்துப் போங்க. ஈ இருக்குது. கொட்டிப் போடும்"னு சொல்லிட்டு, முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. அவ்வளவுதான் அவ சொன்னது.

வேலி சாஞ்சுதுங்க. தாத்தா காலத்து வேலி, அரை நாள்ல சாஞ்சு போச்சு. கிளுவை ஒடைஞ்ச வாசம் ஊருக்கே அடிச்சுது. கொம்பு விழுந்ததும் ஈ கூட்டமா மேல கெளம்புச்சு. கறுப்பா, ஒரு கம்பளியை உதறின மாதிரி. நான் எம் பந்தலுக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். வந்துச்சுங்க. எம் பந்தலுக்கு மேல வந்துச்சு. ஒரு சுத்துச் சுத்துச்சு. எறங்கப் போகுதுன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எறங்கலை. அப்படியே கெழக்க போகுது.

சத்தம் போட்டா ஈ எறங்கும்னு சின்னதுல சொல்லுவாங்களே, தட்டைத் தட்டினா எறங்கும்னு. கைல கெடைச்சது காலி மருந்து டின். அதைக் கல்லுல தட்டிக்கிட்டே கீழ ஓடினேன். என் வரப்பைத் தாண்டி, அடுத்தவன் சோளக்காட்டைத் தாண்டி, தென்னந்தோப்பு வரைக்கும் ஓடினேன். மேல பாத்துக்கிட்டே ஓடினதுல வாய்க்கால்ல விழுந்தேன். எந்திரிச்சுப் பாத்தப்ப ஆகாசத்துல ஒண்ணுமில்லை. டின்னை வெச்சுக்கிட்டுச் சேத்துல உக்காந்திருந்தேன். இந்த வயசுக்கு அழுதேன்னு சொல்ல வெக்கமா இருக்குதுங்க.

அதோட விட்டுதா. ஆடிக் காத்து ஆரம்பிச்சுது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். எத்தனையோ வருசமா அடிக்குது, எம் பந்தலை அசைச்சதில்லை. இந்த வருசம் மேக்கால இருந்து வந்த காத்து, வேலி இருந்த பக்கமா நேரா உள்ள பூந்துருச்சு. கொடியைக் கிழிச்சுது, பூவைக் கொட்டுச்சு, மண்ணை வாரிக்கிட்டுப் போச்சு. மேல புழு வேற. கரிச்சான் குருவி ரெண்டு மூணு எப்பவும் கம்பியில உக்காந்திருக்கும், அதுகளும் எங்கயோ போயிருச்சு. மருந்தை ரெண்டு மடங்காக்கினேன். வேற என்ன பண்றது.

அவ தோட்டமும் ஊமையாயிருச்சுங்க. ஆறேழு நாள்ல அவ பிஞ்சும் மஞ்சளாச்சு. நான் சந்தோசப்பட்டிருக்கோணும். தெனமும் போய் நின்னு பாத்தேன், சந்தோசம் வருதான்னு. வரலை. ரெண்டு பந்தலும் பூத்து நிக்குது, ரெண்டுலயும் ஒரு சத்தமில்லை. எழவு வீட்டுல பந்தல் போட்ட மாதிரி.

ஒரு நாள் காலைல சம்பூர்ணம் எந்திரிச்சா. நான் தூக்கிவிடப் போனேன், வேண்டாம்னு தானே சொவத்தைப் புடிச்சு எந்திரிச்சா. வெளிய போனவ எம் பந்தலுக்குள்ள போகலை. வேலி இருந்த எடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனா.

"எங்க போறே?"

"கோகிலா தோட்டத்துக்கு."

"அங்க என்ன வேலை உனக்கு?"

"பூத் தொட. ஒத்தையாளு அவ. ரெண்டு கொழந்தைங்க."

"நம்ம பூவை ஆரு தொடறது?"

"நம்ம பூவை நீங்க தொடுங்க. அவ பூவுக்கு வந்துக்கிட்டு இருந்ததை நீங்கதான ஓட்டிவிட்டீங்க. அதுக்குப் பதில் நான் போறேன்."

கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னை எதுத்து அவ பேசினது அதுதானுங்க. போயிட்டா. தெனமும் போறா. அண்ணாந்து நிக்க முடியாதுன்னு கோகிலா ஒரு பலகை மேடை கட்டிக் குடுத்திருக்கறா, அதுல ஏறி நின்னு பூவுக்குப் பூ தொடறா. ஓரகத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தொடறாங்க. சிரிக்கற சத்தம்கூட ஒரு நாள் கேட்டுச்சு. நான் எம் பந்தலுக்கடியில தனியா நின்னுக்கிட்டு அதைக் கேட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வருவா, சோறாக்குவா, போடுவா. நாந்தான் கேட்டேன், "கழுத்து எப்படி இருக்குது?"ன்னு. "கழுத்து வலிக்குதுதான். ஆனா அங்க எனக்கு வாந்தி வர்றதில்லை"ன்னா. கோகிலா என்னமோ கசாயம் வெச்சுக் குடுக்கறா போல. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கறா.

அங்க காய் நிக்குதுங்க இப்ப. கொஞ்சமா, நின்னுருக்குது. வேலி இருந்த எடத்துல கிளுவைக் குச்சி வெட்டி நட்டு வெச்சிருக்கறாங்க, ரெண்டு பேருமா. நான் கம்பி போடறதுக்கு அளந்து வெச்ச எடம். அந்தக் குச்சிக்குத் தண்ணி ஊத்தறது எம் பொண்டாட்டி.

எனக்கு இந்தக் கடைசிப் பூப்புத்தாங்க. கொடிக்கு வயசாயிருச்சு. இது நின்னா பூமி நிக்கும். நாலு காய் நல்லாப் புடிச்சுருச்சுன்னா சம்பூர்ணம் திரும்பி எம் பந்தலுக்கு வந்துருவா, அது எனக்குத் தெரியும். அவ வேணுங்கண்ணா எனக்கு. காய்கூட ரெண்டாவதுதான்.

எந்திரிக்காதீங்க. ஏன் எந்திரிச்சுட்டீங்க. கொஞ்சம் உக்காருங்கண்ணா, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். ரெண்டே ரெண்டு பெட்டி. நான் பக்கத்துலயே படுத்துக்கறேன். ஒரு கொறையும் வராமப் பாத்துக்கறேன். அந்தாளு குடுத்தது மாதிரி ஆயிருமோன்னு பயப்படறீங்க. ஆகாதுங்க. நான் ஒண்ணும் ஏனோதானோன்னு வரலை. பெட்டி வர்ற நேரத்துக்குத் தோட்டம் சுத்தமா இருக்கோணும்னு இன்னைக்குக் காலைல பூ விரிஞ்சதும் பந்தல் முழுக்க அடிச்சு முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். புதுசா வந்த மருந்து. ஒரு புழு இல்லை, ஒரு பூச்சி இல்லை. எறும்புகூட இல்லீங்க. உங்க ஈயை நம்பி எங்கூட அனுப்புங்க.